தோற்றவன் சண்டைக்குக் காசு கட்டுவார்களா? பாக்கியாவ் கணக்கிலிருந்து புதுச்சேரி மேடை வரை

2012 டிசம்பர் 8, லாஸ் வேகாஸ். ஆறாவது ரவுண்டு முடிய ஒரு விநாடி பாக்கி. பிலிப்பைன்ஸ் குத்துச்சண்டை வீரர் மேனி பாக்கியாவ் முன்னே பாய்கிறார். மெக்சிகோவின் ஹுவான் மானுவல் மார்க்கேஸின் வலது கை குறுக்கே வந்து முகத்தில் இறங்குகிறது. முகங்குப்புற விழுந்தவர் சற்று நேரம் அசையவே இல்லை. அன்றிரவு அமெரிக்காவில் ஏறக்குறைய 11.5 லட்சம் டி.வி. இணைப்புகள் தனியாகப் பணம் கட்டி அந்தச் சண்டையை வாங்கியிருந்தன. அடுத்த ஆண்டு நவம்பரில் அதே பாக்கியாவ் சீனாவின் மக்காவ் நகரில் பிராண்டன் ரியோஸுடன் மோதினார். வாங்கியவை 4.75 லட்சம். பாதிக்கும் கீழே.

இந்த இரண்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டால், தோற்றவனை எவன் காசு கொடுத்துப் பார்ப்பான் என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஆனால் 2015 மே 2 அன்று இதே மனிதர் அமெரிக்க வீரர் ஃபிளாய்ட் மேவெதரை எதிர்த்து ரிங்கில் ஏறியபோது 46 லட்சம் விற்றது. அதற்கு முன்னும் சரி, பின்னும் சரி, எந்தக் குத்துச்சண்டையும் அவ்வளவு விற்றதில்லை. இரண்டரை ஆண்டுக்கு முன்பு உலகமே பார்க்க மூர்ச்சையாகி விழுந்தவர்தான் அந்த விற்பனையில் ஒரு பாதி.

இந்தக் கணக்கை நான் உட்கார்ந்து பிரித்துப் பார்த்ததற்கு ஒரு உள்ளூர்க் காரணம் உண்டு. புதுச்சேரியில் சின்ன அளவில் குத்துச்சண்டை மேடை போடும் நண்பர் ஒருவர் இருக்கிறார். அவருடைய ஈர்ப்பே கடலூர்ப் பக்கத்துக் குப்பம் ஒன்றிலிருந்து வரும் ஒரு பையன்தான். இன்ஸ்டாகிராமில் அவனுக்குப் பெரிய கூட்டம். போன முறை திருச்சூர்ப் பக்கத்துப் பையன் ஒருவனிடம் பாயின்டில் தோற்றான். நடுவர்களின் மதிப்பெண் கார்டு வாசிக்கப்பட்டபோது அரங்கில் பாதிப் பேர் கூச்சல் போட்டார்கள். இப்போது நண்பருக்கு ஒரு யோசனை: அடுத்த சண்டையை இலவசமாக லைவ் விடாமல், ஆளுக்கு 199 ரூபாய் கட்டணம் வைத்தால் என்ன?

“ண்ணா, பையன் தோத்தப்பறம்தான் ஃபாலோயர் எகிறியிருக்கான். இத காசாக்காம உட்டா எப்டி?” என்றார்.

கேள்வி நியாயமானது. நான் கடலூரில் ஒரு பட விநியோக அலுவலகத்தில் வெகுகாலம் கணக்கு எழுதியவன். தென்னாற்காடு ஏரியாவில் எந்த நடிகரின் பெயருக்கு எவ்வளவு எம்.ஜி. (ஓடினாலும் ஓடாவிட்டாலும் முன்கூட்டியே தரும் உத்தரவாதத் தொகை) கொடுக்கலாம் என்று கைகளைப் பிசைந்த ஆட்களைப் பார்த்தவன். அந்தப் பழக்கத்தில்தான் இந்த எண்களையும் பார்க்கிறேன்.

முதலில், எதை எண்ணுகிறோம்

பே-பெர்-வியூ என்பது சந்தா அல்ல. ஒரே ஒரு நிகழ்ச்சிக்கு, அதைப் பார்ப்பதற்கு முன்பே கட்டும் பணம். நமக்கு இது அவ்வளவாகப் பழகாத சரக்கு. 2013 ஜனவரியில் கமல்ஹாசன் தன் படத்தைத் திரையரங்குக்கு முன்பே டி.டி.எச். வழியாக 1,000 ரூபாய்க்குக் காட்டத் திட்டமிட்டிருந்தார். திரையரங்க உரிமையாளர்கள் கொதித்தெழுந்ததில் திட்டம் கைவிடப்பட்டது. 2020 அக்டோபரில், கொரோனா காலத்தில், விஜய் சேதுபதி படம் ஒன்று 199 ரூபாய் கட்டணத்தில் வீட்டுக்கே வந்தது. நண்பர் 199 என்ற எண்ணை எங்கிருந்து எடுத்தார் என்று நான் கேட்கவில்லை.

அமெரிக்காவில் சொல்லப்படும் எண்ணிக்கை வாங்கிய இணைப்புகளைக் குறிக்கும், பார்த்த தலைகளை அல்ல. ஒரு வீட்டில் கட்டினால் பத்துப் பேர் உட்கார்ந்து பார்ப்பார்கள். எண்களை வெளியிடுபவர்களும் பெரும்பாலும் புரமோட்டர்களோ சேனல்களோதான். நன்றாக விற்றால் மறுநாளே மைக் பிடிப்பார்கள், விற்காவிட்டால் வாய் திறக்க மாட்டார்கள். அதனால் சில சண்டைகளுக்கு ஒரே எண் கிடைக்காது. அங்கெல்லாம் வரம்பாகவே சொல்கிறேன்.

ஒரே பெயர், ஏறி இறங்கும் விற்பனை

பாக்கியாவின் கணக்கை மார்க்கேஸ் அடித்த அடியிலிருந்து தொடங்குவது தவறு. அதற்கு ஆறு மாதம் முன்பே அவர் ஒருமுறை தோற்றிருந்தார். 2012 ஜூன் 9 அன்று டிமோத்தி பிராட்லிக்கு எதிரான சண்டையில் மூன்று நடுவர்களில் இருவர் பிராட்லி பக்கம் எழுதினார்கள். பார்த்தவர்களில் பெரும்பாலோர் ஒப்புக்கொள்ளவில்லை. பிறகு உலகக் குத்துச்சண்டை அமைப்பு ஐந்து நடுவர்களை உட்கார வைத்து ஒளிப்பதிவைத் திரும்பப் பார்க்கச் சொன்னபோது ஐந்து பேருமே பாக்கியாவ்தான் வென்றார் என்றார்கள். முடிவு மட்டும் மாறவில்லை.

ஆக, மார்க்கேஸுடனான அந்த நான்காவது சண்டையே ‘தோல்விக்குப் பிறகான முதல் சண்டை’தான். அது 11.5 லட்சம் விற்றது. முந்தைய ஆண்டு இதே இருவரின் மூன்றாவது சண்டை ஏறக்குறைய 14 லட்சம். கொஞ்சம் குறைவு, ஆனால் சரிவு என்று சொல்ல முடியாது. மார்க்கேஸுடன் அவருக்கு எட்டு ஆண்டுப் பகை. 2004-இல் டிரா, 2008-இலும் 2011-இலும் பாக்கியாவுக்கு நூலிழை வெற்றி, இரண்டிலும் மார்க்கேஸ் தரப்பு தங்களை ஏமாற்றிவிட்டதாகச் சொன்னது. கட்டியவர்கள் அந்தத் தகராறுக்குத்தான் கட்டினார்கள். பிராட்லியிடம் தோற்றது அவர்கள் கண்ணில் படவே இல்லை.

இரண்டாவது தோல்விக்குப் பிறகு வந்தது ரியோஸ் சண்டை. இங்கே நான்கு விஷயம் ஒரே நேரத்தில் மாறியிருந்தது. பாக்கியாவ் நாக் அவுட் ஆகியிருந்தார். எதிராளி ரியோஸும் அதே ஆண்டு மார்ச்சில் மைக் அல்வராடோவிடம் தோற்றுவிட்டு வந்தவர். சண்டை நடந்த இடம் மக்காவ். அமெரிக்கச் சனிக்கிழமை இரவுக்குப் பொருந்துவதற்காக உள்ளூரில் ஞாயிறு காலையில் நடத்தினார்கள். புரமோட்டரின் கண் சீனச் சந்தையில் இருந்தது, லாஸ் வேகாஸில் ஒரு வாரம் முழுக்க நடக்கும் ஆரவாரம் எதுவும் இல்லை. நான்காவது விஷயம்தான் பெரியது: மார்க்கேஸ் ஐந்தாவது முறை மோத மறுத்துவிட்டார். எவ்வளவு பணம் காட்டியும் அசையவில்லை. உலகம் பார்க்க விரும்பிய ஒரே சண்டை அதுதான். வென்றவர் கதவைச் சாத்திக்கொண்டால் தோற்றவரின் புகழை விற்கச் சரக்கு இல்லை. மார்க்கேஸை நான் குறை சொல்லமாட்டேன். நாற்பதை நெருங்கும் வயதில் அப்படி ஒரு முடிவோடு நிறுத்திக்கொள்வதைவிட நல்ல இடம் அவருக்கு எது?

ஆக 4.75 லட்சம் எதனுடைய விலை? நாக் அவுட்டினுடையதா, ரியோஸினுடையதா, மக்காவினுடையதா? அடுத்த இரண்டு சண்டைகள் இதைப் பிரித்துக் காட்டுகின்றன.

ரியோஸை பாக்கியாவ் பன்னிரண்டு ரவுண்டும் அடித்து எளிதாக வென்றார். 2014 ஏப்ரலில் லாஸ் வேகாஸில் பிராட்லியோடு இரண்டாவது சண்டை. விற்பனை 7.5 லட்சத்திலிருந்து 8 லட்சத்துக்குள். பிராட்லி இதற்கிடையில் மார்க்கேஸையே பாயின்டில் வென்றிருந்தார். பாக்கியாவை மார்க்கேஸ் அடித்தார், மார்க்கேஸை பிராட்லி வென்றார் என்று வாதிட ஏகப்பட்ட இடம். பாக்கியாவ் வென்றார். அதே ஆண்டு நவம்பரில் மறுபடி மக்காவ். எதிராளி கிறிஸ் அல்ஜியெரி, ஒரே ஒரு பெரிய வெற்றியோடு வந்தவர். விற்பனை 3 முதல் 4 லட்சம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். அல்ஜியெரி சண்டைக்கு வரும்போது பாக்கியாவ் தொடர்ந்து இரண்டு வென்றவர். ரியோஸ் சண்டைக்கு வரும்போது தொடர்ந்து இரண்டு தோற்றவர். தோற்று வந்தபோது விற்றதைவிட வென்று வந்தபோது குறைவாக விற்றிருக்கிறது. இடம் ஒன்றே, ஊர் ஒன்றே, புரமோட்டர் ஒருவரே. பாக்கியாவின் புகழ் அந்தப் பன்னிரண்டு மாதத்தில் ஏறி இறங்கவில்லை. பிலிப்பைன்ஸில் அவர் அப்போது நாடாளுமன்ற உறுப்பினர், அமெரிக்காவில் குடியேறிய பிலிப்பினோக்கள் அவருக்கென்றே கட்டுபவர்கள். அந்தக் கூட்டம் மூன்று சண்டையிலும் இருந்தது. மூன்றிலுமே கிட்டத்தட்ட 3 லட்சம் அவர்களுடையது என்பது என் மதிப்பீடு. மேலே ஏறியதெல்லாம் எதிராளிக்கும் கேள்விக்கும் கிடைத்தது.

சரிவை எந்தப் படியிலிருந்து அளப்பது

தோற்ற பிறகு விற்பனை விழுந்தது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் தோற்ற சண்டையையே அளவுகோலாக வைக்கிறார்கள். அந்த அளவுகோல் கோணல். பெரிய சண்டையில் தோற்பவன் இன்னொரு பெரிய ஆளோடு சேர்ந்து விற்றிருக்கிறான். அந்த எண்ணிக்கை இருவருடையது.

மெக்சிகோவின் கனெலோ அல்வாரெஸ் நல்ல சாட்சி. 2013 செப்டம்பரில் மேவெதரிடம் தோற்றபோது 22 லட்சம். அடுத்த மார்ச்சில் ஆல்ஃப்ரெடோ அங்குலோவுடன் 3.5 லட்சம். ஆறில் ஒரு பங்கு! ஆனால் மேவெதருக்கு முன்பு கனெலோ தன் பெயரைத் தலைப்பில் போட்டு இப்படித் தனிக்கட்டணச் சண்டை விற்றதே இல்லை. அவர் சண்டைகள் சந்தாச் சேனலில் வந்தன. 22 லட்சம் மேவெதரின் கடை, 3.5 லட்சம் கனெலோ திறந்த முதல் கடை. 2017-இல் கெனாடி கொலோவ்கினோடு அவர் 13 லட்சம் விற்றபோது தோல்வியைப் பற்றி யாரும் பேசவில்லை.

அமெரிக்க வீரர் ஆஸ்கர் டி லா ஹோயாவின் ஏடு இன்னும் சுவையானது. 2003 செப்டம்பரில் ஷேன் மோஸ்லியிடம் தோற்றார், பாயின்டில், அதுவும் தகராறான முடிவு. அந்தச் சண்டை 9.5 லட்சம். அடுத்து 2004 ஜூனில் ஃபெலிக்ஸ் ஸ்டுர்ம் என்ற ஜெர்மன்காரருடன் 3.8 லட்சம். அதே செப்டம்பரில் பெர்னார்ட் ஹாப்கின்ஸோடு 10 லட்சம். ஹாப்கின்ஸ் ஒன்பதாவது ரவுண்டில் கல்லீரலில் விட்ட ஒரே குத்தில் டி லா ஹோயா தரையில் சுருண்டார், எழவில்லை. அப்படி விழுந்தவர் இருபது மாதம் ரிங் பக்கமே வராமல் 2006 மேயில் ரிக்கார்டோ மயோர்காவோடு திரும்பியபோது 9.25 லட்சம்.

தகராறான தோல்விக்குப் பிறகு 3.8, தெளிவான நாக் அவுட்டுக்குப் பிறகு 9.25. ‘ஏமாற்றித் தோற்கடித்தார்கள் என்றால் அனுதாபம் விற்கும், நாக் அவுட் ஆனால் மவுசு போய்விடும்’ என்று பெட்டிக்கடை வாசலில் சொல்லப்படும் சூத்திரம் இங்கே தலைகீழாக நிற்கிறது. ஸ்டுர்மை அமெரிக்காவில் யாருக்கும் தெரியாது. ஹாப்கின்ஸ் சண்டைக்கு முன்னோட்டம் என்று எல்லோருக்கும் தெரிந்த சண்டை அது. மயோர்காவோ ரிங்குக்கு வெளியே சிகரெட் ஊதுபவர், டி லா ஹோயாவின் குடும்பத்தையே இழுத்து வாய்க்கு வந்தபடி பேசியவர். இந்த வாயை யாராவது அடைக்க வேண்டும் என்று ஊரே நினைத்தது. இருபது மாத இடைவெளி ஒரு பசியையும் உண்டாக்கியிருந்தது.

அடுத்த ஆண்டு மேவெதரோடு 24 லட்சம், மறுபடி தோல்வி. அதற்குப் பிறகு டி லா ஹோயா செய்ததைத்தான் நண்பரிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். 2008 மேயில் ஸ்டீவ் ஃபோர்ப்ஸுடன் ஒரு சண்டை, அதைத் தனிக்கட்டணத்தில் விற்கவில்லை. சந்தாச் சேனலில், ஏற்கெனவே சந்தா கட்டியவர்களுக்குக் கூடுதல் காசில்லாமல் காட்டினார்கள். டிசம்பரில் பாக்கியாவோடு 12.5 லட்சம். 2023-இல் ரயன் கார்சியாவும் இதையே செய்தார். ஏப்ரலில் ஜெர்வொண்டா டேவிஸிடம் விழுந்த சண்டை 12 லட்சம் விற்றது. டிசம்பரில் ஆஸ்கர் துவார்தேவுடன் மோதியதைத் தனிக்கட்டணத்துக்கு வைக்காமல் சந்தாவிலேயே காட்டிவிட்டு, அடுத்த ஏப்ரலில் டெவின் ஹேனி சண்டையைக் கட்டணத்துக்கு வைத்தார்கள். தோற்றவனை முதலில் சும்மா காட்டு, பிறகு விலை சொல் என்பதே இந்தத் தொழிலில் பழுத்தவர்களின் வழி.

வென்றவருக்கும் விழுந்த அடி

மேவெதர் பாக்கியாவைத் தெளிவாக வென்றார். 46 லட்சம் இணைப்புகள், துல்லியத் திரையில் பார்க்க நூறு டாலர். நான்கு மாதம் கழித்து, 2015 செப்டம்பரில், தோல்வியே காணாத அதே மேவெதர் ஆண்ட்ரே பெர்டோவோடு மோதியது 4 முதல் 5.5 லட்சம் வரைதான் விற்றது. தோற்ற பாக்கியாவ் 2016 ஏப்ரலில் பிராட்லியோடு மூன்றாவது முறை மோதியதும் 4, 5 லட்சத்துக்குள். வென்றவரும் தோற்றவரும் ஒரே கிணற்றில் விழுந்தார்கள்.

காரணம் ஊரறிந்தது. ஐந்து ஆண்டு காத்திருந்து நூறு டாலர் கொடுத்தவர்களுக்குக் கிடைத்தது அணைத்துப் பிடித்து நகர்ந்துகொண்டே போன பன்னிரண்டு ரவுண்டு. பிறகு பாக்கியாவ் தோள்பட்டையில் முன்பே காயம் இருந்ததாகச் சொன்னார். எரிச்சல் இரட்டிப்பானது.

இங்கேதான் பட விநியோகத்துக்கும் இதற்கும் உள்ள முக்கியமான வித்தியாசம் தெரிகிறது. படத்துக்கு முதல் மூன்று நாள் நடிகரின் பெயர், நான்காம் நாளிலிருந்து படம் பேசும். சண்டைக்கு நான்காம் நாளே கிடையாது. எல்லோரும் பார்ப்பதற்கு முன்பே கட்டிவிடுகிறார்கள். அதனால் ஒரு மோசமான சண்டை தன் வசூலைக் கெடுக்காது, அடுத்த சண்டையின் வசூலைத்தான் கெடுக்கும். 2012-இல் மார்க்கேஸிடம் பாக்கியாவ் விழுந்த சண்டையை அந்த ஆண்டின் சிறந்த சண்டையாகக் குத்துச்சண்டை உலகம் தேர்ந்தெடுத்தது. கட்டியவர் எவரும் காசு வீண் என்று நினைக்கவில்லை. பாக்கியாவ் தோற்றார், வாடிக்கையாளர் தோற்கவில்லை. மேவெதர் வென்ற இரவில் வாடிக்கையாளர் தோற்றுப் போனார். அடுத்த விற்பனையைத் தீர்மானிப்பதில் ரிங்கில் யார் தோற்றார் என்பதைவிட இந்த இரண்டாவது தோல்விக்குத்தான் கனம் அதிகம் என்று நான் நினைக்கிறேன்.

டைசன்: கேள்வி திறந்திருந்தபோதும் மூடிய பிறகும்

1996 நவம்பரில் இவான்டர் ஹோலிஃபீல்ட் மைக் டைசனை 11-ஆவது ரவுண்டில் நிறுத்தியபோது ஏறக்குறைய 15.9 லட்சம். யாரும் எதிர்பாராத முடிவு. 1997 ஜூனில் மறுசண்டை 19.9 லட்சம், அன்றைய உலகச் சாதனை. தோல்விக்குப் பிறகு விற்பனை ஏறியது. அது விபத்தா, டைசன் உண்மையிலேயே முடிந்துவிட்டாரா என்று தெரிந்துகொள்ள மக்கள் கட்டினார்கள். காதைக் கடித்து அவர் தகுதியிழந்ததால் அந்தக் கேள்விக்கு விடையும் கிடைக்கவில்லை. 2002-இல் லெனாக்ஸ் லூயிஸோடு மறுபடி ஏறத்தாழ அதே அளவு.

லூயிஸ் எட்டு ரவுண்டில் கேள்வியைத் தீர்த்துவைத்தார். 2004 ஜூலையில் டேனி வில்லியம்ஸோடு டைசன் வந்தபோது வாங்கியவை 1.5 லட்சம் அளவில். டைசனின் பெயர் அப்போது அழிந்துவிட்டதா? கடலூர் ஓ.டி.யில் (பழைய நகரத்தில்) ஜிம் வைத்திருப்பவர் சுவரில் இன்றைக்கும் டைசன் படம்தான் இருக்கிறது. பெயர் அப்படியே இருந்தது, தெரிந்துகொள்ள மட்டும் எதுவும் பாக்கி இல்லை.

பிறகு ஒரு வேடிக்கை. 2020 நவம்பரில் 54 வயது டைசன் 51 வயது ராய் ஜோன்ஸோடு காட்சிச் சண்டை போட்டார். 16 லட்சம் விற்றதாக நடத்தியவர்கள் அறிவித்தார்கள். இது வேறு சரக்கு, ஆளைப் பார்க்கக் கொடுக்கும் காசு. நமக்கும் இது தெரியும். 1980-இல் முகமது அலி சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை போட்டபோது எம்.ஜி.ஆர். முன்னிலையில் திரண்ட கூட்டம், யார் ஜெயிப்பார் என்று பார்க்க வந்த கூட்டமா என்ன? ஆனால் அப்படி விற்க, அலியாகவோ டைசனாகவோ இருக்க வேண்டும். ரீல்ஸ் போதாது.

பாசம் வேறு, கட்டணம் வேறு என்பதற்கு இங்கிலாந்தின் ரிக்கி ஹாட்டன் இன்னொரு பக்கம். 2007 டிசம்பரில் மேவெதரிடம் நாக் அவுட். அடுத்த மேயில் சொந்த ஊரான மான்செஸ்டரில் கால்பந்து மைதானத்தில் மோதினார். வந்தவர்கள் 55,000-க்கும் மேல். எதிராளி ஹுவான் லஸ்கானோவின் பெயரை அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் முன்பே கேள்விப்பட்டிருப்பார்கள்? ஊர்க்காரன் என்ற பாசம் மைதானத்தை நிரப்பும். அதே லஸ்கானோ சண்டையை அமெரிக்கச் சந்தையில் தூக்கி நிறுத்த அந்தப் பாசத்தால் முடியாது. மறு ஆண்டு பாக்கியாவோடு மோதியபோதுதான் ஹாட்டன் பெயர் அங்கே 8.5 லட்சம் விற்றது.

புதுச்சேரிக்கு வருவோம்

நம் நாட்டில் தோற்றுத் திரும்பிய பெரிய பெயர் விஜேந்தர் சிங். பெய்ஜிங் ஒலிம்பிக் வெண்கலம், தொழில்முறையில் வரிசையாக 12 வெற்றி. 2021 மார்ச்சில் கோவாவில் கப்பல் மேல்தளத்தில் ரஷ்யாவின் ஆர்டிஷ் லோப்சனிடம் முதல் தோல்வி. 2022 ஆகஸ்டில் ராய்ப்பூரில் திரும்பி வந்து இரண்டாவது ரவுண்டிலேயே எதிராளியை வீழ்த்தினார். அவருக்கே இங்கே அமெரிக்கா மாதிரித் தனிக்கட்டணச் சந்தை கிடையாது. ஸ்பான்சர், நுழைவுச்சீட்டு, சேனல் இவைதான் வருமானம். 2015-இல் மேவெதர்-பாக்கியாவ் சண்டையை நாம் ஞாயிறு காலை இட்லியோடு சேனல் சந்தாவில் பார்த்தோம். அமெரிக்காவிலேயே பலர் அன்று பெரிஸ்கோப் என்ற நேரலைச் செயலியில் யாரோ ஒருவர் தன் டி.வி.யை நோக்கிப் பிடித்த கைபேசி வழியாகப் பார்த்துவிட்டார்கள். இங்கே ஒருவன் 199 கட்டினால் அவன் வாட்ஸாப் வீடியோ காலில் தெருவே உட்காரும்.

நண்பரின் முதல் திட்டம் இதுதான்: வடக்கேயிருந்து ஒரு லேசான எதிராளியைக் கூட்டிவருவது, உப்பளத்து உள்விளையாட்டரங்கில் மேடை, பையன் மூன்று ரவுண்டில் முடிப்பான், லைவுக்கு 199. இதை நான் ‘அல்ஜியெரித் திட்டம்’ என்று பெயர் வைத்துத் தள்ளினேன். யாருக்கும் தெரியாத எதிராளி, முடிவும் முன்பே தெரியும், அதற்குமேல் கட்டணம். ஃபாலோ பண்ணுகிறவர்கள் லைக் போடுவார்கள். அவர்கள் இதுவரை இவரிடம் ஒரு ரூபாய்கூடக் கட்டியதில்லை. முந்தைய சண்டையெல்லாம் இலவசம். கட்டிப் பழகாத கூட்டத்திடம் முதல் கட்டணத்தை அதன் மிக மந்தமான சண்டைக்குக் கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. கட்டியவர்கள் ஏமாந்தால் அடுத்த முறை நல்ல சண்டைக்கும் வரமாட்டார்கள்.

பையனிடம் விற்கத் தக்கது ஒன்றே ஒன்று இருக்கிறது. அந்தப் பாயின்ட் கார்டு. தோல்விக்குப் பிறகு ஃபாலோயர் ஏறியதற்குக் காரணமும் அதுதான். கமென்டில் இன்னும் அந்த ஐந்தாவது ரவுண்டைப் பற்றித்தான் அடித்துக்கொள்கிறார்கள். அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் சண்டை திருச்சூர்ப் பையனோடு மட்டும்தான் நடக்க முடியும். வேறு யாரோடு போட்டாலும் நாமே நம் சரக்கை மூட்டை கட்டி மூலையில் வைத்த மாதிரி. அதோடு ஒன்று: திருச்சூர்ப் பையனுக்கும் ஊர் உண்டு, அங்கும் கட்ட ஆள் உண்டு. தனியாக நின்றால் கடலூர், புதுச்சேரி. மறுசண்டை என்றால் மலையாளக் கரையும் சேரும்.

யார் கட்டுவார்கள் என்பதிலும் நண்பர் கணக்கு எனக்கு உடன்பாடில்லை. அவர் இன்ஸ்டாகிராம் எண்ணைப் பார்க்கிறார். நான் பிரான்ஸைப் பார்க்கிறேன். புதுச்சேரியில் சொல்தா குடும்பம், அதாவது பிரெஞ்சுப் படையில் பணியாற்றியவர்களின் குடும்பம், என்றால் தெரியாதவர் இல்லை. பிரெஞ்சுக் குடியுரிமையோடு பாரிஸ் பக்கம் இருக்கும் உறவுகள் ஏராளம், அங்கே விளையாட்டுக்குக் காசு கட்டிப் பார்ப்பது அன்றாடப் பழக்கம். பாக்கியாவுக்கு கலிஃபோர்னியா பிலிப்பினோக்கள் எப்படியோ அப்படி இந்தப் பையனுக்கு அவர்கள். அங்கே மூன்று யூரோ என்பது ஒரு காபியின் விலை. இங்கே அதே 199-ஐ 49-ஆக்கினால்தான் குப்பத்துப் பையன்கள் கட்டுவார்கள். நேரமும் ஒத்துவருகிறது. ஞாயிறு இரவு ஏழரைக்கு இங்கே மணி அடித்தால் கோடையில் பாரிஸில் மாலை நான்கு. ஒரே விலை வைப்பதும் சனிக்கிழமை பின்னிரவு வரை இழுப்பதும் இந்த வாய்ப்பைக் கெடுக்கும்.

மறுசண்டைக்கு நாள் பிடிக்கும் என்றால், இடையில் ஒரு சண்டை போடட்டும், டி லா ஹோயா ஃபோர்ப்ஸோடு போட்ட மாதிரி. அதை இலவசமாக விடட்டும். மேடையிலிருந்தே மறுசண்டைத் தேதியைச் சொல்லட்டும். இதற்கு நண்பர் முகம் சுளித்தார், “அப்போ அந்த மேடைச் செலவு?” என்றார். ஸ்பான்சர் பலகையையும் கேட் காசையும் வைத்துத்தான் சமாளிக்க வேண்டும். எல்லாச் சண்டையும் லைவில் சம்பாதிக்கும் என்று நம்பி இறங்கினால் இரண்டாவது சண்டைக்கு மேடை போடப் பணம் இருக்காது.

கடைசியாக வந்த சிக்கல்தான் உண்மையான சிக்கல். திருச்சூர் தரப்பு முதல் சண்டைக்கு வாங்கியதைப் போல மூன்று மடங்கு கேட்கிறது, அதோடு லைவ் வசூலில் 40 சதவீதம். நண்பருக்குக் கோபம். கூட்டம் நம்ம பையனுக்காக வருகிறது, அவன் யார் கேட்க என்கிறார். 1996-இல் முதல் சண்டைக்கு டைசனுக்கு 3 கோடி டாலர், ஹோலிஃபீல்டுக்கு அதில் பாதிகூட இல்லை. மறுசண்டையில் டைசனுக்கு அதே 3 கோடி, ஹோலிஃபீல்டுக்கு 3.5 கோடி. வென்றவன் விலை அப்படித்தான் ஏறும், ஏனென்றால் அவன் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டால் நம்மிடம் இருப்பது ரியோஸ் சண்டைதான். 40 அதிகம், முதல் சண்டையின் தொகையை இரட்டிப்பாக்கிக் கொடுத்துவிட்டு 30-க்குப் பேசுங்கள், கேரளத்திலிருந்து வரும் லைவ் பணத்தை மட்டும் தனியாகப் பிரித்து அதில் பாதி கொடுக்கலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த வாரம் அவர் திருச்சூர் போகிறார்.